வாய்க்கு உபவாசம்

அத்தியாயம் 14

போன வாரம் சமையலறைக்குள் போய்ப் படாரென்று கதவைச் சாத்திக்கொண்ட மெர்சி என்ன ஆனாள் என்று கவலைப்பட்டவர்களுக்கு: ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். கையில் ரசச் சட்டி. முகத்தில் புன்னகை. அந்தப் புன்னகையைப் பார்த்துத்தான் மண்ணூர் சர்ச் தெரு கொஞ்ச நாளாக மிரண்டுபோயிருக்கிறது.

காரணம் இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளுக்கு அந்தத் தெருவில் ஆளுக்கொன்றை விடுவார்கள். கறியை விடுவார்கள், டீயை விடுவார்கள். டிவி சீரியலை விட்டுவிட்டு எதிர்வீட்டு டிவியை எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மெர்சி இந்த வருஷம், லெந்து ஆரம்பிக்கும் சாம்பல் புதனன்று, சபை நடுவே எழுந்து நின்று, "நாப்பது நாளைக்கு நான் யாரையும் திட்டமாட்டேன். இது என் வாய்க்கு உபவாசம்" என்று சாட்சி சொல்லிவிட்டாள்.

போதகரின் மனைவியான ஆயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் ஐக்கியம் கைதட்டியது. மெர்சியின் கணவன் ஜெபகுமார் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "எழுதி வாங்கிக்கலாமா?" என்று கேட்டதாகக் கேள்வி.

இதில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. லெந்தில் ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேராது. கறியை விட்டவர்கள் ஞாயிறன்று பிரியாணி சாப்பிடலாம் என்றால், வாயைக் கட்டியவள் ஞாயிறன்று திட்டலாம்தானே? முதல் ஞாயிறே, நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை மெர்சி ஒரே மூச்சில் இறக்கினாள். அடுத்த ஞாயிற்றிலிருந்து ஜெபகுமார் கேட்டு வாங்கி டியூட்டிக்குப் போக ஆரம்பித்தான். மகள் நிலாவுக்கு எங்கிருந்தோ ஸ்பெஷல் கிளாஸ் முளைத்தது. மெர்சி வெறும் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சுவரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இன்று புதன்கிழமை. முப்பத்தொன்றாம் நாள்.

காலை ஆறு மணிக்கு மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு மெர்சி வெளியே ஓடினாள். ஜெபகுமார் கம்பெனி பஸ் டிரைவர். விடியும் முன்னே எழுந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு, போட்டதை மறந்துவிட்டு வண்டி எடுக்கப் போயிருந்தான். கொடியில் கிடந்த மெர்சியின் யூனிஃபார்ம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தெரு பாதி தூரத்துக்குச் சேறு.

மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், புகை. இருந்த மாவில் நிலா தனக்கு மட்டும் மூன்று தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கல்லை அடுப்பிலேயே எரியவிட்டு, பிளஸ் டூ பரீட்சைக்கு உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள்.

"நிலா!"

"இன்னாம்மா?"

மெர்சி வாயைத் திறந்தாள். மூடினாள். எச்சிலை விழுங்கினாள்.

"ஒண்ணுமில்ல. நல்லா படி."

"தேங்க்ஸ்ம்மா" என்றாள் நிலா, புத்தகத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு. புத்தகம் குலுங்கியது. கல் எரிந்ததைக்கூட மெர்சி பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தத் தேங்க்ஸைத்தான் தாங்க முடியவில்லை.

ஈர யூனிஃபார்மைப் பிழிய வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக் கன்னியம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள்.

"இன்னா மெர்சி, தண்ணி ஆறா ஓடுது, உன் வாயில ஒரு சத்தத்தையும் காணோம்? நீ கத்தற சத்தத்த வச்சிதான் நானே எழுந்துக்குவேன். ஒரு மாசமா எனக்கு அலாரமே இல்லாம போச்சி."

"ஆண்டவர் பாத்துக்குவாருக்கா."

"அவரு வந்து மோட்டார நிறுத்தினாருன்னா சொல்லு, எங்க வூட்டுக்கும் ஒருவாட்டி கூட்டினு வா." கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். "எங்க வூட்டு ஆளு மாலை போட்டாருன்னா, அவரு விரதம் இருப்பாரு, வூடு நிம்மதியா கீது. நீ விரதம் இருக்க, ஆனா ஒன்னத் தவுர எல்லாரும் நிம்மதியா கீறாங்களே, இது இன்னா கணக்கு?"

மெர்சி யூனிஃபார்மை இன்னும் இரண்டு முறுக்கு அதிகமாகவே முறுக்கினாள்.

*

மெர்சி வேலை பார்ப்பது ஒரகடத்தில், கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டும் கம்பெனி ஒன்றில். பதினொரு வருஷமாக அதே லைன். புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். கனெக்டரைச் செருகினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். "சத்தம் வர்ற வரைக்கும் அழுத்து. சத்தம் வரலன்னா உள்ள உக்காரலன்னு அர்த்தம். கண்ண நம்பாத, காத நம்பு." இதைச் சொல்லாத நாள் கிடையாது.

அந்த லைனுக்கு ஒரு லீடர் வேண்டும் என்று போன மாதம் பேச்சு வந்தது. மெர்சி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கழுத்தில் பச்சைப் பட்டை போட்ட லீடர் அடையாள அட்டையோடு தன்னைக் கண்ணாடியில் ஒன்றுக்கு நான்கு தடவை கற்பனை செய்து பார்த்திருந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் கம்பெனியிடம் ஆசைப்பட்ட ஒரே பொருள் அந்தப் பச்சைப் பட்டைதான்.

வீட்டில் சொன்ன அன்று ஜெபகுமார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உனக்கு எதுக்கு இந்தத் தலைவலியெல்லாம்? வேணாம்னு சொல்லிடட்டா?" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் போன வாரம் சமையலறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. கதவுக்குப் பின்னால் மெர்சி உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவரே, பொறுமை குடும், பொறுமை குடும்" என்று ஜெபித்ததும் ரசத்துக்குக் கடுகு வெடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

இன்று டீ நேரத்தில் சூப்பர்வைசர் நரசிம்மன் அவள் பக்கமாக வந்து நின்றார்.

"ஏம்மா மெர்சி, இப்படிப் பண்ணிட்டியே. உன் பேரத்தாம்மா மொதல்ல எழுதி வச்சிருந்தேன்."

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"லீடர் வேலை வேணாம்னியாமே? திங்கக்கிழமை பஸ்ல உங்க வூட்டுக்காரர் சொன்னாரு. 'கேட்டேன் சார், பதிலே சொல்லல. இஷ்டமில்ல போல'ன்னாரு."

நரசிம்மன் தினமும் ஸ்ரீபெரும்புதூரில் ஜெபகுமாரின் பஸ்ஸில் ஏறுகிறவர். டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவார். அதே பஸ்ஸில் வரும் மெர்சியின் மூன்றாவது சீட்டுக்கு எஞ்சின் சத்தம் மட்டும்தான் எட்டும். வண்டி போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேரும் ஊரில் ஒரு விஷயத்தை விட்டுவைக்க மாட்டார்கள். அதில் மெர்சியின் பச்சைப் பட்டையும் போய்விட்டது.

மெர்சி டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இப்ப யார் பேரு சார்?"

"மஹாலட்சுமி. ஆனா ஃபைல் இன்னும் மேல போகல. நாளைக்குக் காலைல எட்டரைக்குக் குடுக்கணும்." அவர் கையிலிருந்த ஃபைலிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "லீடருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் செகண்ட் ஷிஃப்ட் வரும். அதனால நீயும் கையெழுத்துப் போடணும், வூட்ல ஒருத்தரும் போடணும். அது இங்க ரூல். நாளைக்கு இது ரெண்டு கையெழுத்தோட வந்தா உன் பேரு. இல்லன்னா அவ பேரு. அவ்ளோதான்."

மத்தியானச் சாப்பாட்டின்போது மஹாலட்சுமியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாலாஜாபாத்துப் பெண். மெர்சியிடம் 'க்ளிக்' சத்தம் கற்றுக்கொண்டவள். அவள் புருஷன் சக்திகுமாரும் கம்பெனி பஸ்தான் ஓட்டுகிறான், வாலாஜாபாத் ரூட்டில்.

"அக்கா, நீ வேணாம்னதாலதான் நான் பேரு குடுத்தேன். எங்க வூட்டுக்காரர்தான் 'மெர்சி அக்கா வேணாம்னுட்டாங்க, நீ கேளு'ன்னாரு. கோச்சிக்கினியாக்கா?"

மெர்சி டிபன் டப்பாவைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். ஆனால் முப்பத்தொரு நாளாக அடைத்துக்கொண்டிருக்கும் தொண்டையில் எது திட்டு, எது பேச்சு என்று பிரித்தெடுக்கத் தெரியாமல் அவள், "ச்சே, உன்மேல எனக்கு இன்னா கோவம்" என்றாள்.

"அதான பாத்தேன்!" என்று மஹாலட்சுமி தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் டப்பாவில் வைத்தாள். மெர்சி அந்த வடையைச் சாப்பிட்டாள். எப்படி இறங்கியது என்று அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஜெபித்தாள். ஞாயிறு வர இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஃபைல் நாளைக்கே போகிறது. இந்த ஒரு புதன்கிழமையை மட்டும் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஆண்டவரிடமே கேட்டாள். பதில் வரவில்லை. பதில் வராததைச் 'சரி' என்று எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு கணம் தோன்றியது. புருஷனும் அதைத்தானே செய்தான் என்று உறைத்ததும், முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

சாயந்திரம் பஸ்ஸில் ஏறியபோது ஜெபகுமார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க மேடம், பாத்து ஏறுங்க. மூஞ்சி இன்னா டல்லா கீது? ஏ.சி. ஒத்துக்கலியா?"

மெர்சி போய் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து படிவம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரகடத்திலிருந்து மண்ணூர் வரும்வரை அதை ஆறு தடவை பார்த்தாள்.

*

அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். முதலில் ஒரு பாட்டு. அப்புறம் நிலா ஜெபிப்பாள், பிறகு மெர்சி, கடைசியில் ஜெபகுமார் முடித்து ஆமென் சொல்வான். ஆமென் சொல்லும்வரை யாரும் போனைத் தொடக்கூடாது. நிலா கையில் போன் வந்த அன்று ஜெபகுமாரே போட்ட சட்டம் அது.

எதிர்வீட்டில் சரியாக ஏழரை மணிக்குக் கீரை ஆய உட்காரும் கன்னியம்மா, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று வாசற்படிக்கு வந்திருந்தாள். தெருவிளக்கு இரண்டு வாரமாக எரியவில்லை என்பது வேறு விஷயம்.

நிலா பரீட்சையை ஆண்டவர் பொறுப்பில் விட்டு இருபது விநாடியில் முடித்தாள். மெர்சி கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். நீர் தண்ணி குடுத்தீர், அதுக்காக ஸ்தோத்திரம். அந்தத் தண்ணிய மாடில இருந்து ரோடு வரைக்கும் ஓட உட்டுட்டுப் போன உம்முடைய பிள்ளை ஜெபகுமார மன்னியும்."

ஜெபகுமாரின் இடது கண் திறந்தது.

"மோட்டார் சுவிட்சு எங்க கீதுன்னு பதினெட்டு வருஷமா தெரியாத அந்தக் கைய நீர் தொடும். மூணு தோசைய முழுங்கிட்டுக் கல்ல எரிய உட்ட உம்முடைய பிள்ளை நிலாவுக்கு உயிரியல்ல ஞாபக சக்தி குடும். அப்படியே அடுப்ப அணைக்கற ஞாபகத்தையும் சேத்துக் குடும்."

"ம்மா..."

"ஜெபத்துல பேசாத. ஆண்டவரே, என்னக் கேக்காமயே எனக்குப் பதிலா பேசற வாயி ஒண்ணு இந்த வூட்ல கீது. ஸ்டியரிங்க பிடிச்சா போதும், அந்த வாயி தானா தொறந்துக்குது. ஒரகடம் போய்ச் சேர்றதுக்குள்ள என் பதினொரு வருஷத்த..."

எதிர்ப்படியில் கீரை ஆய்கிற கை நின்றுவிட்டது.

இங்கேதான் சிக்கல். பஸ்ஸில் வரும்போதே மெர்சி இதற்கு மேலும் ஏழெட்டு வரி தயார் செய்து வைத்திருந்தாள். மனுஷரைத் திட்டினால்தான் உபவாசம் முறியும், ஆண்டவரிடம் முறையிட்டால் முறியாது என்று ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரே ஆண்டவரே என்று கூப்பிட்டதில், யாரோ உண்மையாகவே காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. தயார் செய்த வரிகள் வாய்க்குள்ளேயே நின்றன. தயார் செய்யாத ஒன்று வெளியே வந்தது.

"ஆண்டவரே, முப்பத்தோரு நாளா நான் பொறுமையாவே இல்ல. வாய மட்டும் மூடிக்கினு, எல்லாத்தையும் உள்ள சேத்து வச்சிக்கினு இருந்தேன். ஆயரம்மா எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டறது எனக்குப் பிடிச்சிருந்துச்சி. அன்னிக்கு இவரு கேட்டப்ப, 'வேணும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். அது திட்டு இல்ல. எனக்குத் திட்டத்தான் தெரிஞ்சிது ஆண்டவரே, கேக்கத் தெரியல."

மெர்சி கூப்பிய கையை இறக்கி மடியில் வைத்தாள்.

"எனக்கு அந்த வேலை வேணும்."

கண்ணைத் திறந்தாள். ஜெபகுமாரைப் பார்த்தாள். "உங்ககிட்டயும் சொல்றேன். எனக்கு அந்த வேலை வேணும்."

ஜெபகுமார் இரண்டு கண்ணையும் திறந்து, உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாலும் பொறுத்துக்கொள்ள முடியாத அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

மெர்சி மனசுக்குள் நாளை எண்ணினாள். முப்பத்தொன்று. இன்னும் ஒன்பது. மூச்சை இழுத்து விட்டாள்.

"நான் பேசாம இருந்தா சரின்னு அர்த்தமா?"

"பின்ன இன்னா? பதினெட்டு வருஷத்துல ஒண்ணு வேணும்னு நீ கத்தாம இருந்திருக்கியா? வேணும்னா கத்துவ, கத்தல, அப்ப வேணாம். நான் வேற எப்படிப் புரிஞ்சிக்கறது?"

எரிச்சல் என்னவென்றால், அதிலும் ஒரு நியாயம் இருந்தது. நிலா மேலே ஃபேனைப் பார்த்தாள்.

"எங்க லைன்ல," என்றாள் மெர்சி மெதுவாக, "சத்தம் வரலன்னா ஓகேன்னு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. உள்ள உக்காரலன்னு ரிஜெக்ட்ல தூக்கிப் போடுவாங்க. இன்னொரு தடவை அழுத்திப் பாக்கணும். நீங்க இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

ஜெபகுமார் சட்டைப் பட்டனைத் திருகினான்.

"செகண்ட் ஷிஃப்ட்டுன்னா ராத்திரி பதினொண்ணுக்கு மேல வருவ. நான் விடியறதுக்குள்ள வண்டி எடுக்கணும். ஒரு வாரம் பூரா மூஞ்சி பாத்துக்க மாட்டோம். வேற எவனோ ஓட்டற வண்டில வருவ நீ."

"வந்தா?"

"வந்தா இன்னா... ஒண்ணுமில்ல." அவன் பட்டனை விடவில்லை. "நீ ஏறி உக்காந்தியான்னு கண்ணாடில பாத்துட்டுத்தான் நான் கியரே போடுவேன். அது பழகிப்போச்சி."

மெர்சி பதினொரு வருஷமாக மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். இது அவளுக்குத் தெரியாது.

ஆனால் மெர்சி மெர்சிதானே.

"இத கூட நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"இன்னும் ஆமென் சொல்லல" என்றாள் நிலா. "எனக்குப் பசிக்குது. அப்பா, உங்க டர்னு."

மெர்சி பையிலிருந்து படிவத்தை எடுத்து டீப்பாய்மேல் விரித்தாள். ஃபேன் காற்றில் பறக்காமல் ஒரு மூலையில் ஜெபகுமாரின் போனை வைத்தாள். பேனாவைத் திறந்து, தன் பெயருக்கு நேரே, லைனில் லேபிள் எழுதும் அதே முத்து முத்தான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. பேனாவை அந்தக் கோட்டின்மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜெபகுமாரின் ஜெபம் தெருவுக்கே மனப்பாடம். வருஷம் முழுக்க ஒரே ஜெபம், நாற்பது விநாடி. நிலா உதட்டை அசைத்தே கூடச் சொல்வாள்.

"அன்பின் பரலோகத் தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக..." என்று ஆரம்பித்தான். நின்றான். மறுபடி, "இந்த நல்ல வேளைக்காக..." என்றான். அதற்கு மேல் வண்டி நகரவில்லை.

நிலாவின் உதடுகள் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய், ஆள் இல்லாமல் திரும்பி வந்தன.

"ஆண்டவரே," என்றான் ஜெபகுமார், அவர்கள் யாரும் இதுவரை கேட்டிராத ஒரு குரலில். "நான் சக்திகுமார்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். 'என் வூட்டுக்காரிக்கு வேணாம், உன் வூட்டுக்காரிக்குத்தான் அந்த வேலை, நான் பொறுப்பு'ன்னு டீக்கடையில கையில அடிச்சி சொல்லிட்டேன். அவன் அன்னிக்கே வூட்டுக்குப் போன் பண்ணி சொல்லிட்டான். நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படி..."

டீப்பாய்மேல் போன் அதிர்ந்தது. படிவத்தின் மூலை நடுங்கியது. திரையில் பெயர்: சக்திகுமார்.

நிலா அப்பாவைப் பார்த்தாள். சட்டம் போட்டவன் அவன். ஆமென் சொல்லாமல் போனை எடுக்க முடியாது. ஆமென் சொல்ல வேண்டுமென்றால் ஜெபத்தை எங்கேயாவது கொண்டுபோய் முடித்தாக வேண்டும். முடிக்க வேண்டுமென்றால் அந்தப் பேனாவை என்ன செய்வது என்று முதலில் தெரிய வேண்டும்.

போன் அடித்து ஓய்ந்தது. எதிர்ப்படியில் கன்னியம்மா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய ஆரம்பித்திருந்தாள். போன் மறுபடி அடித்தது.

ஜெபகுமார் ஒற்றைக் கண்ணைத் திறந்து மெர்சியைப் பார்த்தான். அவள் கை கூப்பி, கண் மூடி, அமைதியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதைச் சரி என்று எடுத்துக்கொள்ள இந்தத் தடவை அவனுக்குத் தைரியம் வரவில்லை.